மிதிவண்டியின் வழித்துணை

மக்கள் ஓரிடம் விட்டு வேறோரிடம் செல்வதற்குத் துணைபுரியும் ஊர்திகள் பல. அவற்றுள் சில செல்வர்க்கே உரியன. சில எரியெண்ணெயோ மின்னாற்றலோ இன்றி ஓரடியும் நகரமாட்டா. மிதிவண்டியோ அத்தகையதன்று. செலுத்துவோனுடைய கால்களே அதனை இயக்கும் பொறி. அவன் உண்ணும் உணவே அதற்கு எரிபொருள். பள்ளிக்குச் செல்லும் மாணவரும், பால் கொண்டு செல்லும் உழவரும், கடிதம் சுமந்து செல்லும் அஞ்சற்காரரும், நாட்கூலிக்குச் செல்லும் தொழிலாளரும் அதனைத் தம் துணையாகக் கொண்டுள்ளனர். எளியவர்க்கு எளிய ஊர்தியாய் விளங்கும் அதற்கும் ஒரு மெலிவு உண்டு. அஃது யாதெனின், அதன் உருளைகளுள் அடைபட்டிருக்கும் காற்றே ஆகும். சிறியதொரு முள் டயரைத் துளைத்துவிட்டால், அதுவரை தன் மேல் அமர்ந்தவனைச் சுமந்து சென்ற வண்டி, அவன் தள்ளிச் செல்ல வேண்டிய சுமையாக மாறிவிடும். இம்மெலிவை வெல்லுதற்குரிய கருவிகள் ஒரு சிறு பையுள் அடங்குவன. அவை இவையென அறிந்து உடன்கொண்டு செல்வோன் வழியிடையே வருந்துவதில்லை.

மிதிவண்டி தோன்றிய தொடக்கக் காலத்தில் அதன் உருளைகளில் காற்று இருந்ததில்லை. முதலில் இரும்புப் பட்டைகளும், பின்னர்க் கட்டி இரப்பரும் அவற்றைச் சூழ்ந்திருந்தன. அவ்வண்டிகளில் முள் குத்தினாலும் ஆணி குத்தினாலும் இடையூறு இல்லை. ஆனால், கல்லும் குழியும் நிறைந்த சாலையில் ஏறிச் செல்வோரின் எலும்புகள் எல்லாம் அதிரும். ஸ்காட்லாந்து நாட்டினரான இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், அஃது அக்காலத்தில் மக்களிடையே பரவவில்லை. பின்னர், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கிய ஜான் பாய்டு டன்லப் என்பார், தம் மகனுடைய மூவுருளி வண்டியின் அதிர்வைத் தணிக்க விரும்பினார். மெல்லிய இரப்பர்க் குழலில் காற்றடைத்து அதனை உருளையைச் சுற்றிப் பொருத்தினார். அதற்கு 1888-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே வில்லியம் ஹியூம் என்னும் வீரர் அவ்வகை டயர் பூட்டிய வண்டியில் ஏறிப் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வெற்றி பெறவே, காற்றடைத்த டயரின் பெருமை எங்கும் பரவலாயிற்று.

இன்பம் வந்த வழியே துன்பமும் வந்தது. டன்லப் அமைத்த டயர் உருளையோடு பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதில் துளை விழுந்தால் அதனைப் பிரித்தெடுத்து, ஒட்டி, மீண்டும் பொருத்திக் காயவைத்தல் வேண்டும். 1889-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கிளர்மோன் ஃபெரான் நகரில் இரப்பர்த் தொழில் நடத்திவந்த மிஷலின் உடன்பிறந்தாரிடம், மிதிவண்டியில் வந்த ஒருவர் துளைபட்ட டயரொன்றைச் செப்பனிடக் கொடுத்தார். அவ்வொரு வேலைக்கு மூன்று மணி நேரமும், பசை காய்வதற்கு ஓர் இரவும் கழிந்தன. இவ்வளவு இடர்ப்பாடு உடைய பொருள் உலகிற்குப் பயன்படாது என்று எண்ணிய எதுவார் மிஷலின், உருளையினின்று எளிதிற் கழற்றத்தக்க டயரை அமைத்தார். அதற்கு 1891-ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். அதனைக் கால் மணி நேரத்தில் செப்பனிட இயன்றது. அவ்வாண்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர் வரை சென்று மீளும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நெடும்பந்தயத்தில் சார்லஸ் தெரோன் என்பார் அவ்வகை டயர்களைக் கொண்டு முதல்வராக வந்தார். துளைபடாத டயர் அவருக்கு அவ்வெற்றியைத் தரவில்லை. துளைபட்டாலும் வழியிலேயே விரைந்து சீராக்கத்தக்க டயரே தந்தது. இவ்வேறுபாட்டை மாணவர் நன்கு கருதுதல் வேண்டும். பழுதே நேராத பொருள் உலகில் இல்லை. பழுது நேர்ந்த இடத்திலேயே திருத்திக்கொள்ள இயலுமா என்பதே அறிவுடையோர் கேட்கும் வினா.

1903-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தூர் த பிரான்சு’ என்னும் பெரும்பந்தயத்தின் தொடக்க ஆண்டுகளில், தம் வண்டியின் பழுதைத் தாமே நீக்குதல் வேண்டும். பிறர் உதவியை ஏற்றல் கூடாது என்னும் விதி இருந்தது. ஆதலின், வீரர்கள் மாற்று டயர்களை மாலைபோல் தோளிற் சுற்றிக்கொண்டு வண்டியோட்டினர். 1913-ஆம் ஆண்டில் யூஜீன் கிறிஸ்தோஃப் என்னும் வீரரின் வண்டி பிரனீசு மலையிறக்கத்தில் முன்கவை முறிந்து போயிற்று. அவர் வண்டியைத் தோளில் ஏற்றி நெடுந்தூரம் நடந்து, மலையடிச் சிற்றூரின் கொல்லுலைக்குச் சென்று, தம் கைகளாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து அதனைப் பொருத்தினார். சிறுவன் ஒருவன் துருத்தி ஊதியதையும் குற்றமாகக் கொண்டு பந்தய நடுவர்கள் அவருக்குத் தண்டனை விதித்தனர். வெற்றியை இழந்தாராயினும், தன் கையே தனக்குதவி என்பதற்கு அவர் நல்லதோர் எடுத்துக்காட்டாயினார். வண்டியேறிச் செல்லும் எவரும் கொல்லுலையை உடன்கொண்டு செல்லுதல் இயலாது. ஆனால், டயர் செப்பனிடும் கருவிகளைக் கொண்டு செல்லுதல் யாவர்க்கும் இயலும்.

ஒரு வினையைத் தொடங்குமுன் பொருள், கருவி, காலம், வினை, இடம் என்னும் ஐந்தனையும் ஐயமின்றி ஆராய்தல் வேண்டும் என்று திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். அரசியலுக்கும் அமைச்சியலுக்கும் உரியதாக அவர் கூறிய இவ்வுண்மை, சாலையோரத்தில் நின்று டயர் ஒட்டும் சிறுதொழிலுக்கும் முற்றும் பொருந்துகின்றது. அவ்வைந்தனையும் முறையே காண்போம்.

முதற்கண் துளை எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அறிதல் வேண்டும். மிதிவண்டியின் உருளையில் ரிம் என்னும் உலோக வளையமும், அதனைச் சூழ்ந்து டயர் என்னும் தடித்த புறவுறையும், அவ்விரண்டிற்கும் இடையே டியூப் என்னும் மெல்லிய இரப்பர்க் குழலும் உள்ளன. காற்றைத் தாங்குவது டியூப். தேய்வையும் உராய்வையும் தாங்குவது டயர். கருவேல முள், கண்ணாடிச் சில்லு, மாட்டின் குளம்பிலிருந்து உதிர்ந்த லாட ஆணி போன்றவை டயரைக் கடந்து டியூபைத் துளைக்கும்போது வெளிப்புறத் துளை உண்டாகின்றது. காற்றுக் குறைந்த வண்டி கல்லின் மீதோ குழியின் விளிம்பின் மீதோ மோதும்போது, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்குகின்றது. அப்போது பாம்புக் கடி போன்று இரண்டு துளைகள் அருகருகே தோன்றும். ஆரக்கம்பியின் முனை ரிம்மைக் கடந்து நீண்டிருப்பின், அஃது உட்புறத்திலிருந்தே டியூபைக் குத்தும். இவையேயன்றி, துளையே இல்லாமல் வால்வின் வழியாகக் காற்று கசிதலும் உண்டு. எவ்வகைப் பழுது என்று அறிந்தபின் அன்றோ அதற்குரிய மருந்தை நாடுதல் வேண்டும்!

இனி, உடன்கொண்டு செல்லவேண்டிய பொருள்களைக் காண்போம். முதலாவது, துளையை மூடும் ஒட்டுத்துண்டுகள். பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டுகளும் பயன்படும். கடையில் விற்கும் விளிம்பு மெலிந்த துண்டுகள் மேலும் செவ்வையாகப் பொருந்தும். சிறியனவும் பெரியனவுமாக ஐந்தாறு துண்டுகள் வேண்டும். இரண்டாவது, கடைக்காரர் சொல்யூஷன் என்று வழங்கும் இரப்பர்ப் பசை. மூன்றாவது, உப்புத்தாள் ஒரு துண்டு. நான்காவது, தூய உலர்ந்த துணி. ஐந்தாவது, தன் வண்டியின் அளவிற்கேற்ற மாற்று டியூப் ஒன்று. ஆறாவது, டயர் நீளக் கிழிந்துபோனால் உட்புறம் வைத்துத் தாங்குவதற்குப் பழைய டயரின் பக்கச்சுவரிலிருந்து வெட்டிய விரல் நீளத் துண்டு ஒன்று. இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தாலும் மாணவன் ஒருவனின் மதிய உணவுப் பாத்திரத்தின் அளவைத் தாண்டா.

நம் நாட்டுப் பழைய மிதிவண்டிகள் பலவற்றின் வால்வில், வால்டியூப் எனப்படும் சிறு இரப்பர் உறை ஒன்று உண்டு. காற்று உள்ளே செல்ல அது வழிவிடும். வெளியே வராமல் தடுக்கும். வெயிலாலும் நாட்பட்ட பயனாலும் அவ்வுறை விரிசலுறும்போது காற்று மெல்ல வெளியேறும். அறியாதவன் டியூபில் துளை உள்ளதென்று எண்ணி டயரைக் கழற்றி நெடுநேரம் தேடுவான். அறிந்தவனோ, வால்வின் வாயில் ஒரு துளி நீரை வைத்துப் பார்ப்பான். குமிழி எழுந்தால் பழுது அங்கேதான் என்று தெளிந்து, பழைய உறையை நீக்கிப் புதியதை மாட்டுவான். விரற்கடை நீளமுள்ள அவ்விரப்பர்த் துண்டு மிகச் சில காசே பெறும். ஆயினும், உரிய நேரத்தில் கையில் இல்லையெனில் பல கல் தொலைவு நடக்க வைக்கும். ஆதலின், அதில் இரண்டு துண்டுகள் பையில் எப்போதும் இருத்தல் நன்று.

கருவிகளுள் தலைமையானது காற்றடிக்கும் பம்பு. எத்துணைச் செவ்வையாகத் துளையை ஒட்டினாலும், காற்றடைக்க வழியில்லையேல் அவ்வேலை முழுதும் வீண். சிறிய கைப்பம்பு ஒன்று வண்டியின் சட்டத்திலேயே பொருந்தி நிற்கும். அதன் வாய் தன் வண்டியின் வால்வுக்குப் பொருந்துகின்றதா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். வால்டியூப் பொருந்திய பழைய வால்வு ஒருவகை. மோட்டார் வண்டிகளில் உள்ளது போன்ற பருத்த வால்வு மற்றொரு வகை. பந்தய வண்டிகளில் காணப்படும் மெலிந்த வால்வு மூன்றாம் வகை. ஒன்றுக்குரிய பம்பு மற்றொன்றுக்கு உதவாமல் போதல் உண்டு. இக்காலத்தில் கரியமில வளி அடைத்த சிறு உலோகக் குப்பிகளும் விற்கப்படுகின்றன. அவை விரைவில் காற்று நிரப்பும். ஆனால் ஒரு குப்பி ஒருமுறைக்கே உதவும். கைப்பம்போ கை ஓயும் வரை உதவும்.

அடுத்த கருவி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து வெளியே எடுக்கும் நெம்புகோல். இது முனை மழுங்கித் தட்டையாக இருத்தல் வேண்டும். இரண்டு அல்லது மூன்று நெம்புகோல்கள் போதும். அவை இல்லாதபோது திருப்புளியைச் செருகி நெம்புவாரும் உளர். அதன் கூர்முனை டியூபைக் கிழித்து, ஒரு துளை இருந்த இடத்தில் இரண்டு துளைகளை ஆக்கிவிடும். கருவியே இல்லாமையினும் தகாத கருவி கையிலிருத்தல் பெருந்தீங்கு என்பதற்கு இஃதொரு சான்று.

மூன்றாவது கருவி, உருளையைச் சட்டத்தோடு பிணைக்கும் நட்டுகளைத் திருகும் ஸ்பானர். நட்டின் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். அயலான் வண்டிக்குப் பொருந்தும் ஸ்பானர் தன் வண்டிக்குப் பொருந்தும் என்று கருதிக் கொண்டுசெல்வது, பிறனுடைய மூக்குக்கண்ணாடியை அணிந்து நூல் படிக்க முயல்வது போலாகும். பந்தய வண்டிகளிலும் புதியவகை வண்டிகள் சிலவற்றிலும், ஸ்பானர் இன்றிக் கையாலேயே விடுவிக்கத்தக்க பிடி அச்சில் அமைந்துள்ளது. அவ்வகை வண்டியுடையவனுக்கு ஸ்பானர் சுமையே. ஆகவே, கருவிப் பையைப் பிறரைப் பார்த்து நிரப்பாமல், தன் வண்டியைப் பார்த்து நிரப்புதல் வேண்டும்.

மாற்று டியூப் வைத்திருப்பவனுக்கு ஒட்டுத்துண்டு எதற்கு என்று சிலர் வினவுதல் கூடும். இரண்டும் வேண்டும், அவற்றின் பயன் வேறு வேறு. உருளையை எளிதிற் கழற்றத்தக்க வண்டியாயின், துளைபட்ட டியூபை நீக்கி மாற்று டியூபை இடுவதே விரைவான வழி. ஒட்டும் வேலையை வீட்டிற்குச் சென்றபின் ஆறுதலாகச் செய்யலாம். ஆனால், சங்கிலியை மூடும் தகட்டுறையும், மட்கார்டும், பளுவான கேரியரும், அவற்றைத் தாங்கும் கம்பிகளும் பொருந்திய நம் நாட்டு வண்டியில் பின்னுருளையைக் கழற்றுதல் எளிதன்று. அத்தகைய வண்டியில் உருளையைக் கழற்றாமலே, டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் விடுவித்து, துளைபட்ட பகுதியளவு டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். தெருவோரத்தில் பஞ்சர் ஒட்டும் தொழிலாளர் நாள்தோறும் இவ்வாறே செய்கின்றனர். அவ்விடத்து ஒட்டுத்துண்டே முதன்மை பெறும். எனினும், வால்வின் அடியில் டியூப் கிழிந்தாலும், நீளமாகப் பிளந்தாலும் ஒட்டு நில்லாது; மாற்று டியூப் ஒன்றே உதவும். மேலும், ஒரே நாளில் இருமுறை துளை விழுதலும் அரிதன்று. அப்போது மாற்று டியூப் செலவாகியிருக்கும்; ஒட்டுத்துண்டே காக்கும்.

பொருளும் கருவியும் அமைந்தபின் இடம் கருதல் வேண்டும். காற்று இறங்கியது தெரிந்தவுடன் வண்டியினின்று இறங்கிவிடுதல் வேண்டும். இன்னும் சிறிது தூரந்தானே என்று காற்றில்லா உருளையின் மேல் ஏறிச் செல்பவன், டியூபை நைந்துபோகச் செய்வான்; டயரின் விளிம்பை அறுப்பான்; ரிம்மையும் வளைப்பான். சிறிய செலவில் தீரவேண்டியது பெருஞ்செலவாய் முடியும். சாலையின் விளிம்பிலோ வளைவிலோ நின்று வேலை செய்தல் கூடாது. பேருந்தும் சரக்கு வண்டியும் விரைந்து செல்லும் இடத்தினின்று நன்கு விலகி, மரநிழலிலோ திண்ணையோரத்திலோ தூய்மையான தரை பார்த்து வண்டியை நிறுத்துதல் வேண்டும். மணலில் டயரைக் கழற்றினால் மணல் உள்ளே புகுந்து டியூபை அராவும். மாலை நேரமாயின் சிறு விளக்கும் கையிலிருத்தல் நன்று.

இனி வினைமுறை. டயரைக் கழற்றுமுன் அதன் மேற்புறத்தைச் சுற்றிலும் பார்த்தல் வேண்டும். முள்ளோ ஆணியோ தைத்திருப்பது தெரிந்தால் துளையின் இடம் எளிதில் அகப்படும். தெரியாவிடின், டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துப் பருக்கச் செய்தல் வேண்டும். காதருகே வைத்தால் சீறும் ஒலி கேட்கும். கன்னத்தருகே வைத்தால் காற்றின் குளிர்ச்சி தெரியும். நீர் கிடைக்குமாயின் அதில் அமிழ்த்திப் பார்க்கக் குமிழிகள் எழும். துளை கண்டவுடன் அதனை அடையாளமிடுதல் வேண்டும். இன்றேல் காற்று இறங்கியபின் அஃது எங்கே மறைந்தது என்று மீண்டும் தேட நேரும். ஒரு துளை கண்ட மகிழ்ச்சியில் தேடுதலை நிறுத்திவிடாமல் டியூப் முழுவதையும் பார்த்தல் வேண்டும்.

துளையின் இடத்தைத் துணியால் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். தேய்ப்பதனால் டியூபின் மேலுள்ள வழவழப்பும் அழுக்கும் நீங்கிப் பசை பற்றுதற்கு இடம் உண்டாகின்றது. பின்னர், ஒட்டுத்துண்டின் அளவைவிடச் சற்று அகலமாகப் பசையை மெல்லிதாகப் பூசுதல் வேண்டும். இங்கேதான் காலம் கருதல் வேண்டியதாகின்றது. பசை பூசியவுடன் துண்டை வைத்து ஒட்டிவிடுவோர் பலர். அது பிழை. அப்பசையில் விரைவில் ஆவியாகும் நீர்மம் ஒன்றில் இரப்பர் கரைந்துள்ளது. அந்நீர்மம் பறந்து போனபின்பே எஞ்சிய இரப்பர் நன்கு பற்றும். ஈரப்பளபளப்பு மறைந்து மேற்பரப்பு மங்கும் வரை ஐந்து நிமிடம் போலப் பொறுத்திருத்தல் வேண்டும். அதன்பின் துண்டை வைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தித் தேய்த்தால் அது டியூபோடு ஒன்றிவிடும். விரைந்து செல்ல வேண்டும் என்னும் பதற்றத்தால் ஐந்து நிமிடம் பொறுக்காதவன், அரைக் கல் தொலைவில் மீண்டும் ஒருமுறை இறங்கி முதலிலிருந்து தொடங்குவான். பசை தேவைப்படாத ஒட்டுத்துண்டுகளும் இன்று கிடைக்கின்றன. அவற்றிற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும், டியூப் உலர்ந்தும் தூய்மையாகவும் இருத்தல் அவற்றிற்கும் இன்றியமையாதது.

டியூபை ஒட்டி முடித்தவுடன் உள்ளே இட்டுவிடுதல் கூடாது. துளை செய்த முள் டயரில் இன்னும் தைத்திருக்கலாம். அதனை எடுக்காமல் டியூபை இடுபவன், பகைவன் உள்ளே இருக்கக் கோட்டைக் கதவை அடைப்பவனை ஒப்பான். டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் துணியால் தடவிப் பார்த்தால், முள் இருக்கும் இடத்தில் துணி சிக்கிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் கண்ணாடிச் சில்லு விரலைக் கிழிக்கும். துளை டியூபின் உட்பக்கத்தில் இருந்ததாயின், குற்றம் டயரிலில்லை. ரிம்மில் ஆரக்கம்பி முனைகளை மூடியுள்ள நாடா விலகியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இவ்வாறு காரணத்தை அறிந்து களைந்தாலன்றிக் காரியம் நிலைபெறாது.

பின்னர், டியூபில் சிறிதளவு காற்றடித்து வடிவம் பெறச் செய்து, மடிப்பின்றி டயருள் இடுதல் வேண்டும். டயரின் விளிம்பை இரு கைப் பெருவிரல்களாலும் அழுத்தி ரிம்முக்குள் ஏற்றுதல் வேண்டும். இறுதிப் பகுதி கடினமாக இருக்கிறதென்று நெம்புகோலைச் செருகினால் டியூப் இடையிற் சிக்கிக் கிழியும். முழுக் காற்றடிக்குமுன், டியூப் எவ்விடத்தும் விளிம்பின் கீழ் அகப்படவில்லை என்பதைச் சுற்றிலும் பார்த்தல் வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் டயரின் பக்கச்சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உருளையைக் கழற்றியிருந்தால் நட்டுகளை இறுக முடுக்கி, தடை பிடிக்கின்றதா என்று சோதித்து, உருளையைக் கையாற் சுற்றிப் பார்த்தபின்பே வண்டியில் ஏறுதல் வேண்டும். நட்டு தளர்ந்த வண்டியில் விரைதல் உயிர்க்கே ஊறு விளைக்கும்.

கருவிகளை வாங்கிப் பையிலிட்டுவிட்டால் போதாது. அவற்றைப் பேணுதலும் வேண்டும். ஒருமுறை திறந்த பசை, மூடியிருப்பினும் சில திங்களில் உலர்ந்து போகும். தேவை நேர்ந்தபோது அதனைப் பிதுக்கிப் பார்த்து ஒன்றும் வராமல் திகைத்தவர் பலர். சில பம்புகளின் உள்ளிருக்கும் தோல் வட்டு உலர்ந்தால் காற்று பின்னோக்கிக் கசியும். அதற்கு இடையிடையே எண்ணெய் இடுதல் வேண்டும். மாற்று டியூப் இரும்புக் கருவிகளோடு உராய்ந்து பையினுள்ளேயே துளைபடுதலும் உண்டு. அதனைத் துணியிற் சுற்றி வைத்தல் வேண்டும். திங்களுக்கு ஒருமுறை பையைத் திறந்து, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, குறைந்ததை நிரப்புதல் நல்லோர் பழக்கம்.

அவற்றினும் மேலானது கைப்பழக்கம். நீந்தும் கலையை வெள்ளம் வந்தபின் கற்றல் இயலாது. அதுபோல் டயர் கழற்றும் முறையை இருட்டும் மழையும் சூழ்ந்த சாலையில் கற்றல் அரிது. விடுமுறை நாளொன்றில் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, பழுதில்லாத உருளையையே ஒருமுறை கழற்றி, டியூபை எடுத்து, மீண்டும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அப்போதே ஸ்பானர் பொருந்துகின்றதா, பம்பு பொருந்துகின்றதா, நெம்புகோல் வலிமையுடையதா என்பன தெரியவரும். முதன்முறை ஒரு மணி நேரம் ஆகலாம். மூன்றாம் முறை அதில் பாதியும் ஆகாது. அருகிலுள்ள பஞ்சர் கடையில் சிறிது நேரம் நின்று, தொழிலாளரின் கைகள் இயங்கும் முறையை உற்று நோக்குதலும் நல்ல கல்வியே. பட்டறிவால் வந்த அவ்வறிவைப் பணிவோடு கேட்பார்க்கு அவர் மறைப்பதில்லை.

இச்சிறு பையால் காக்கப்படுவது டயர் மட்டுமன்று. தேர்வு நாளன்று காலையில் பள்ளிக்கு ஐந்து கல் தொலைவிலிருந்து வரும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழியில் ஊரில்லை, கடையில்லை, பேருந்து சென்றுவிட்டது. டயரில் காற்று இறங்குகின்றது. கையில் கருவியும் பழக்கமும் உடையவளாயின் அவள் அரை மணி நேரத்தில் மீண்டும் புறப்பட்டுத் தேர்வுக்கூடத்தை அடைவாள். இல்லையேல், ஓராண்டு உழைப்பு ஒரு முள்ளிற்குத் தோற்கும். நாட்கூலி பெறும் தந்தைக்கு அஃது ஒருநாள் ஊதியம். நோயுற்றார் இல்லம் தேடிச் செல்லும் செவிலிக்கு அது மற்றோர் உயிரின் நலம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களுக்கு அளித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக விளங்கிய ஷீலாராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். வயலில் உழைத்தோரும், கல்லுடைக்கும் தொழிலாளரும், அங்கன்வாடிப் பணியாளரும், செவிலியரும் எனச் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வண்டியோட்டக் கற்றனர். பேருந்துக்காகவும், தந்தை கணவர் உடன்பிறந்தார் ஆகியோரின் துணைக்காகவும் காத்திருந்த நிலை அவர்களுக்கு மாறிற்று. சந்தைக்கும் பணிக்கும் தாம் எண்ணிய பொழுதில் தாமே சென்று வரலாயினர். இன்று தமிழ்நாட்டு அரசு மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகின்றது. இவ்வாறு பெற்ற உரிமை, ஆளில்லாச் சாலையில் காற்றிறங்கிய உருளையோடு நின்றுபோதல் கூடாது. வண்டியோட்டக் கற்றல் பாதிக் கல்வி. அதன் பழுதை நீக்கக் கற்றல் மறுபாதி. இரண்டும் நிறைந்தபோதே ஊர்தி முழுதும் உடையவர்க்கு உரியதாகின்றது.

கருவியோடு செல்பவன் தனக்கு மட்டும் உதவுபவன் அல்லன். வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் முதியவர் ஒருவரைக் காணும்போது, இரக்கப்பட்டுக் கடந்து செல்லுதல் எவர்க்கும் எளிது. நின்று, பையைத் திறந்து, அவருடைய டயரை ஒட்டிக் காற்றடித்து அனுப்புதல் கருவியுடையானுக்கே இயலும். இரக்கம் நெஞ்சில் தோன்றினாலும் அதனைச் செயலாக்கக் கையில் கருவி வேண்டுமன்றோ! ஓர் ஒட்டுத்துண்டும் சிறிதளவு பசையும் கால் மணி நேரமும் ஒருவருடைய நாளைக் காக்குமாயின், அதனினும் மலிவான அறம் வேறில்லை.

ஆகவே, மிதிவண்டியுடையோர் ஒட்டுத்துண்டு, பசை, உப்புத்தாள், துணி, வால்டியூப், மாற்று டியூப், நெம்புகோல், ஸ்பானர், பம்பு ஆகியவற்றுள் தம் வண்டிக்கு வேண்டுவனவற்றைத் தேர்ந்து, பேணி, பயின்று, உடன்கொண்டு செல்வாராக. மிகுதியாகச் சுமப்பது வேண்டுவதில்லை. பொருத்தமாகச் சுமப்பதே வேண்டுவது. சாலையில் முட்கள் இருந்துகொண்டே இருக்கும். அவற்றையெல்லாம் பொறுக்கிவிட்டுப் பயணம் புறப்படுதல் எவராலும் ஆகாது. முள் தைத்த இடத்திலேயே நின்று, பதற்றமின்றி அதனைக் களைந்து, மேற்செல்லும் ஆற்றல் உடையவனுக்கே வழி வழியாகின்றது.